எங்க வச்சு?

நான் யாரையாவது முட்டாள் என்று சொல்லிவிட்டால் போதும், எங்கள் மாதா கோயில் நண்பர், நான் தம்பி என்று கூப்பிடுகிறவர், டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எங்க வச்சு?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்து சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இந்த மனுஷனுக்கு மண்டையில ஒண்ணுமே இல்ல தம்பி" என்று சொன்னேன். "எங்க வச்சு அண்ணி?" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஆபீசில் கெட்டிக்காரர். கோயில் பாட்டுக்குழுவில் இவர் இல்லாவிட்டால் சுருதியே சேராது. கடைசியில், "சமையல்கட்டுல வச்சு" என்றேன். "அப்ப சமையல்கட்டுதான் பள்ளம். அண்ணன் மேல தப்பு இல்ல" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு நல்ல வசதியாகப் போயிற்று. இன்று வரைக்கும் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டு, "பள்ளத்துல நிக்கிறேன்டி" என்கிறார்.

இந்த மேடு, பள்ளமெல்லாம் ஒரு புத்தகத்திலிருந்து வந்தவை. தலையணை மொத்தத்தில் ஓர் ஆங்கில விண்வெளி நாவல். பிராஸ் பாசாவில் பழைய புத்தகக் கடையில் வாங்கினாராம். அட்டையும் முதல் சில பக்கங்களும் எப்போதோ போய்விட்டன. எழுதியது யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. எனக்கு விண்வெளிக் கதை என்றாலே ஆகாது. கண்ணுக்குத் தெரியாத கிரகத்தில் யார் யாரோடு சண்டை போட்டால் எனக்கென்ன? லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள் நான், எனக்கு இருக்கிற சண்டையே போதும். ஆனால் அவர் வாரா வாரம் அந்தக் கதையைத் தமிழில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவார். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். நான் கேட்காத மாதிரி கேட்பேன்.

வெளிச்சத்துக்கு ஒரு வேகம் இருக்கிறது, அதற்கு மேல் போக முடியாது அல்லவா? அந்த நாவலில் புத்திக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே எல்லை இல்லை. வானத்தில் சில பகுதிகள் மேடு. அங்கே கப்பல்கூட ஞானி மாதிரி யோசிக்கும். சில பகுதிகள் பள்ளம். அங்கே இறங்கிவிட்டால் எப்பேர்ப்பட்ட மூளையும் ஓர் அளவுக்கு மேல் எழும்பாது. யார் குற்றமும் இல்லை. அந்த இடத்தின் சட்டம் அப்படி. மேட்டில் வாழ்கிற ஒரு பெரிய கப்பல்தான் கதாநாயகி. அவர் அதை "அவ" என்றுதான் சொல்லுவார். பள்ளத்துக்குள் ஒரு சின்னக் கப்பல் ஜனங்களோடு மாட்டிக்கொள்கிறது. அவர்களை மீட்க இவள் கிளம்புகிறாள். போகப் போகத் தன் புத்தி மங்கிவிடும் என்று அவளுக்கே தெரியும். அதனால் மங்கிப்போன பிறகு தான் என்ன செய்ய வேண்டும் என்று தனக்கே முன்கூட்டி எளிமையாகச் சொல்லி வைத்துக்கொள்கிறாள்.

"நாளைக்கு முட்டாளா ஆகப்போற தனக்கு, இன்னைக்குப் புத்திசாலியா இருக்கும்போதே சோறு கட்டி வைக்கிறா பாருங்க" என்பார்.

அப்போது பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற அவருடைய அக்கா நிமிர்ந்து, "கப்பல் சாப்டுச்சா?" என்று கேட்பாள். ஒவ்வொரு வாரமும் கேட்பாள். "சாப்டுச்சுக்கா. இடியாப்பம்" என்று அவரும் ஒவ்வொரு வாரமும் கவனமாகப் பதில் சொல்லுவார்.

சிங்கப்பூர் முழுவதையும் அவர் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். பெரிய பெரிய கடைகள் நிற்கிற ஆர்ச்சர்ட் ரோடு பெரும்பள்ளம். அங்கே வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பேங்க் கவுன்டர், அவரைப் பொறுத்தவரை, அதைவிடப் பள்ளம். ஒருமுறை என் வீட்டுக்காரர் முழங்காலுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் திணறிக்கொண்டிருந்தார். துணைக்கு வந்திருந்த இவர், "இங்க வச்சு யோசிக்காதீங்கண்ணே" என்று கையைப் பிடித்துக் கீழே பஸ் ஸ்டாப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் மேலே காத்திருக்க, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் என் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், இன்றைக்கும் அவருக்கு அந்தக் கால்தான் நல்ல கால்.

தம்பிக்கு வேலை துவாஸ் துறைமுகத்தில். ஆள் இல்லாமல் ஓடுகிற வண்டிகள் அங்கே கன்டெய்னர்களைத் தூக்கிக்கொண்டு போகும். கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொள்வது இவர் பொறுப்பு. அந்த அறையின் ஏர்கான் குளிருக்காகப் போடும் ஜாக்கெட்டை வெயிலிலும் கழற்ற மாட்டார். வண்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரொட்டி ஆறிப்போகும். தரைக்குள் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக, வண்டிக்கு வழி சொல்லும் சின்ன வில்லைகள் புதைத்து வைத்திருக்கிறார்களாம். ஒரு வில்லையிலிருந்து அடுத்த வில்லை என்று தடவிக்கொண்டே வண்டி போகுமாம். "அதுக்கு மூளை வண்டிக்குள்ள பாதி, தரைக்குள்ள பாதி அண்ணி. கேட்டுக்கு வெளியில கொண்டாந்து விட்டா வெறும் இரும்பு" என்பார். வில்லை கிடைக்காவிட்டால் என்ன செய்யும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நின்றுவிடுமாம். சுற்றாதாம், தேடாதாம். நின்ற இடத்திலேயே நின்று, யாராவது வருகிற வரைக்கும் காத்திருக்குமாம்.

இந்தப் பைத்தியம் எல்லாம் எதற்காக என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. அக்காவைப் பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது.

அக்காவுக்கு என் வயதுதான். பிறக்கும்போதே மூளை வளர்ச்சி கொஞ்சம் குறைவு. அம்மா அப்பா போன பிறகு அவளை வைத்துக் காப்பாற்றியது இவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. பிடோக்கில் அவர்கள் குடியிருந்த பழைய அடுக்குமாடி புளோக்கில் அக்கா ராணி. சக்கரப் பையை இழுத்துக்கொண்டு தினமும் காலையில் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவாள். யார் வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கம்பு கீழே விழுந்தது, எந்த லிஃப்ட் எந்த மாடியில் மாட்டிக்கொள்ளும் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதே அக்காவை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து, இன்று என்ன தேதி, பிரதமர் பெயர் என்ன என்று கேட்டால் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வாள். "எங்க வச்சு கேக்குறீங்க?" என்று டாக்டரிடமே கேட்டிருக்கிறார் இவர். "மீன் கடைக்கு வந்து கேளுங்க, சொல்லுவா." டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது இவர் சிரிக்கவில்லை.

அந்தப் புளோக்கைத்தான் இடிக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. மாற்று வீடு கொடுத்தார்கள். பிடோக்கிலேயேதான், ஆனால் இன்னொரு கோடியில். புது லிஃப்ட், புது மார்க்கெட், புது முகங்கள். மற்றவர்கள் புது வீடு கிடைத்த சந்தோஷத்தில் சோபா பார்க்கப் போனார்கள். இவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அக்காவின் விஷயத்தைக் கவனிக்கிற சமூக ஊழியர், ஒரு தமிழ்ப் பெண், பக்குவமாகத்தான் சொல்லியிருக்கிறாள். நீங்கள் ஷிஃப்டுக்குப் போனால் அக்கா நாள் முழுக்கத் தனியாக இருக்கிறாள். பழைய இடத்தில் சரி. புது இடத்தில் ஒரே ஒரு தடவை வழி தவறிப் போனாலும் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டிவரும். சில மாதம் பார்ப்போம்.

"இல்லத்துல நல்லாத்தான் பாத்துக்குவாங்க அண்ணி. ஆனா அங்க அவ யாரு? இங்க அவ அக்கா" என்றார் என்னிடம். அன்று பால், சீனி இல்லாமல் குடிக்கிற தே ஓ கோசோங் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் நேரில் பார்த்தேன். அப்போது நாங்களும் பிடோக்கில்தான், அவர்கள் புது வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி. லீவு நாளெல்லாம் அக்காவைக் கூட்டிக்கொண்டு வீட்டிலிருந்து மார்க்கெட் வரை நடந்தார். எங்கெல்லாம் திரும்ப வேண்டுமோ அங்கெல்லாம் ஒரு ஆளைப் பிடித்தார். முதல் திருப்பத்தில் மளிகைக் கடை அங்கிள். அடுத்து சாம்பிராணிக் குச்சியும் சாமிக்கு எரிக்கும் காகிதமும் விற்கிற கடையின் ஆன்ட்டி. பிறகு பழக்கடைத் தம்பதி. கடைசியில் மார்க்கெட்டுக்குள் மீன்கார ஆன்ட்டி. எல்லோரிடமும் ஒரே வேண்டுகோள்தான்: இவளைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கையை இந்தப் பக்கம் காட்டுங்கள். அவ்வளவுதான். சீன ஆன்ட்டிகள் அவளை "அகா, அகா" என்று கூப்பிடப் பழகிக்கொண்டார்கள். அதுதான் அவள் பெயர் என்று நினைத்திருப்பார்கள். எதற்கு இவ்வளவு பாடு, போர்டைப் பார்த்து, புளோக் நம்பரைப் பார்த்துப் போகச் சொல்லிக் கொடுக்கலாமே என்றார் என் வீட்டுக்காரர்.

"போர்டு குட் மார்னிங் சொல்லாதுண்ணே" என்றார் அவர்.

வில்லை புதைக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லவில்லை. சொன்னால் மனுஷர் இன்னும் இரண்டு மணி நேரம் பேச ஆரம்பித்துவிடுவார்.

அக்கா கற்றுக்கொண்டாள். முதலில் இவர் பக்கத்தில் நடந்தார், பிறகு பின்னால், பிறகு வெகு தூரத்தில். ஒரு நாள் அவள் தனியாகப் போய் மீனோடு வந்தாள். அந்த ஞாயிறு தேக்காவில் எங்கள் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். கதையில் கப்பல் பள்ளத்தின் விளிம்புக்கு வந்திருந்தது. நட்சத்திரங்களின் பெயர்களை மறக்கத் தொடங்கியிருந்தாள். அடுத்த வாரம் இறங்குவாள் என்றார்.

அடுத்த வாரம் சீனப் புத்தாண்டு.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நம் ஆட்களின் ஷிஃப்டைச் சீன நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். சீனப் புத்தாண்டுக்கு அவர்கள் ஷிஃப்டை நாம் பார்ப்போம். புத்தாண்டு முதல் நாள் இவர் தன் சீன நண்பருக்காகத் துவாஸுக்குப் போய்விட்டார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் சீனப் புத்தாண்டு பார்த்தவர். அன்று எந்தச் சீனர் கடையும் திறக்காது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் தான் பிடித்து வைத்த ஆட்கள் அத்தனை பேரும் சீனர்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு அவர்கள் ஆன்ட்டி, அங்கிள், அவ்வளவுதான். பழைய மார்க்கெட்டும் புத்தாண்டுக்கு மூடித்தான் கிடக்கும். ஆனால் அங்கே அக்காவுக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள்.

காலையில் இடைவேளையில் வழக்கம்போல் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். எடுக்கவில்லை. திரும்பச் செய்தார். பிறகு எனக்குச் செய்தார். நாங்கள் ஓடினோம். கதவு பூட்டியிருந்தது. வாசலில் அவள் செருப்பு இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சக்கரப் பையும் இல்லை. தெருவில் இறங்கினால் மளிகைக் கடை மூடியிருந்தது, சாமிக் காகிதக் கடை மூடியிருந்தது, பழக்கடையில் தார்ப்பாய் கட்டியிருந்தது.

துவாஸ் தீவின் மேற்குக் கடைசி, பிடோக் கிழக்கே. அன்று டாக்சி கிடைப்பதே குதிரைக்கொம்பு. எப்படியோ ஒன்றைப் பிடித்து வந்துகொண்டே போனில் உத்தரவு மேல் உத்தரவு போட்டார். அண்ணன் கோயிலுக்கும் தேக்காவுக்கும் போகட்டும். அண்ணி பஸ் முனையத்தைப் பார்க்கட்டும். நான் பழைய புளோக்குக்குப் போகிறேன் என்றார். பழைய புளோக்கைச் சுற்றி இரும்புத் தகடு அடைத்திருந்தது. தகட்டைக் கையால் அறைந்து அறைந்து "அக்கா, அக்கா" என்று கத்தியிருக்கிறார். காவலாளி வந்து பிடித்திருக்கிறார். நான் முனையத்தில் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். சிவப்புச் சட்டை போட்ட குடும்பங்கள் ஆரஞ்சுப் பழப் பையோடு சிரித்துக்கொண்டு பஸ் ஏறிக்கொண்டிருந்தன. எல்லோர் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அடைத்துக் கிடக்கிற மார்க்கெட்டுக்குள் போய்ப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடையே இல்லாத இடத்தில் யார் இருப்பார்கள்?

வெயில் சாயத் தொடங்கியபோது கால் கடுத்துப் போய், குறுக்கு வழியாகத் திரும்பலாம் என்று அந்த மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். ஈரமே இல்லாத மார்க்கெட் தரையை அன்றுதான் பார்த்தேன். மீன் வாடைகூட இல்லை. கடைசி வரிசையில் சக்கரப் பை நின்றிருந்தது. பக்கத்தில், மீன்கார ஆன்ட்டி கடையின் இழுத்து மூடிய கதவுக்கு முன்னால், கவிழ்த்துப் போட்ட வெள்ளை மீன் பெட்டியின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்து தட்டுத் தடுமாறி அங்கே வரை வந்துவிட்டாள். ஆன்ட்டி கையைக் காட்டாமல் திரும்பிப் போக வழி தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து அங்கேயேதான்.

என்னைப் பார்த்ததும், "ஆன்ட்டி லேட்டு" என்றாள். தண்ணீர் கேட்டாள்.

நான் போன் செய்து அவர் வந்து சேர்ந்தபோது ஜாக்கெட்டின் ஒரு கை கிழிந்திருந்தது. அக்கா எழுந்து அவர் தோளில் ஓர் அடி வைத்தாள்.

"எங்கடா போன? நான் இங்கயேதான இருக்கேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். ஐம்பது வயது ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒரு முட்டாள் அண்ணி" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "எங்க வச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிஜமாகவே யோசித்தார். "டாக்சிக்குள்ள வச்சு" என்றார். "துவாஸ்ல ஏறினதுல இருந்து."

நடந்ததைச் சமூக ஊழியரிடம் மறைத்திருக்கலாம். நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்க மாட்டோம். ஆனால் அவரே போன் செய்து சொன்னார். சொல்லிவிட்டு, கடைகள் திறந்த பிறகு அந்தப் பெண்ணை மீன் கடைக்கே வரச் சொன்னார். நானும் போயிருந்தேன். அக்கா தொலைந்துபோனாள் என்றுதானே எழுத வேண்டும் என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அவ எங்க இருக்கணுமோ அங்கதாம்மா இருந்தா. தொலைஞ்சது நாங்க மூணு பேரு. நான் பழைய புளோக்குல, அண்ணன் தேக்காவுல, இவங்க பஸ் ஸ்டேஷன்ல" என்றார்.

மீன்கார ஆன்ட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஆங்கிலமும் சீனமும் கலந்து, இனிமேல் புத்தாண்டு என்றால் முந்தின நாளே அகாவிடம் சொல்லிவிடுவேன், என் மேல்தான் தப்பு என்று அந்தப் பெண்ணிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அக்கா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. நீ என்ன குழம்பு வைப்பாய், உனக்கு எந்த மீன் வேண்டும் என்று அந்தப் பெண்ணைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ரொம்ப நேரம் அங்கே நின்றாள். போகும்போது, கடைகள் மூடுகிற நாட்களில் மட்டும் யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும், மற்றபடி அக்கா வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். கையில் மீன் பை இருந்தது. அடுத்த சீனப் புத்தாண்டுக்கு அவர் துவாஸில் இருந்தார். நானும் அக்காவும் வீட்டில் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டு டிவி பார்த்தோம்.

மார்க்கெட்டில் அவளைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த ஞாயிறு தேக்காவில் அக்காதான் கேட்டாள், கப்பல் என்னாச்சு என்று. அவர் ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். கப்பல் பள்ளத்தில் இறங்கினாள். ஒவ்வொன்றாக மறந்தாள். தன் பெயரும் மறந்துபோயிற்று. எதற்கு வந்தோம் என்பதும் மறந்துபோயிற்று. ஆனால் ஒன்று மட்டும் ஞாபகம் இருந்தது: தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும். நின்றாள். சின்னக் கப்பலில் மாட்டிக்கொண்டிருந்த ஜனங்கள் தூரத்தில் அவளுடைய விளக்கைப் பார்த்தார்கள். அவர்களே வந்து சேர்ந்தார்கள். அக்கா கை தட்டினாள். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிளகாய் என்று பொய் சொன்னார்.

போன வருடம் நாங்கள் பிடோக்கை விட்டு வடக்கே ஈசூனுக்கு, மகள் வீட்டுப் பக்கத்தில், வந்துவிட்டோம். இந்தக் குட்டித் தீவில் ரயிலில் ஒரு மணி நேரம் என்றால் வெளிநாடு மாதிரி. பூசைக்கும் இங்கேயே போகிறோம். கிளம்புகிற அன்று அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். உங்களுக்கு அங்கே போனதும் கொஞ்ச நாள் பள்ளமாக இருக்கும், படியுங்கள் என்றார். சொன்னது சரிதான். முதல் வாரம் இங்கே கடைத்தொகுதியில் வெளியே போகும் வழி தெரியாமல் மூன்று தடவை அதே ரொட்டிக் கடைக்கு முன்னால் வந்து நின்றேன். மகள் போனில், "என்னம்மா, இதுகூடத் தெரியலையா?" என்றாள். எங்க வச்சு என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

அகராதியை வைத்துக்கொண்டு புத்தகத்தைப் படித்தேன். பாதிக்கு மேல் விளங்கவில்லை. ஆனால் கடைசி அத்தியாயம் விளங்கிற்று. பள்ளத்தில் இறங்கிய கப்பல் நிற்கவே இல்லை. வழி தெரியாமல் அலைகிறாள், அலைந்து அலைந்து ஒரு நிலாவில் மோதிச் சிதறிப் போகிறாள். ஜனங்கள் இருட்டிலேயே இருக்கிறார்கள். அத்தோடு கதை முடிகிறது.

உடனே அவருக்குப் போன் போட்டேன். என்ன தம்பி இப்படிப் பொய் சொல்லிவிட்டீர்களே, புத்தகத்தில் அவள் செத்துப்போகிறாளே என்றேன். அந்தப் பக்கம் மார்க்கெட் சத்தம் கேட்டது. யாரோ "அகா, அகா" என்று கூப்பிட்டார்கள்.

"அது புத்தகத்துல தப்பு அண்ணி" என்றார். "எழுதினவருக்கு அக்கா இல்ல போல."

மீன் வாங்க வேண்டும், அக்கா கூப்பிடுகிறாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.